நிறைமாசத்துல இவ்ளோ அசதியா இருந்தா பிரசவ நேரத்துல தெம்பு இருக்குமா?

தலைச்சன்_முருகேஷ்பாளையா
செவ்வாய், இரவு 2:10

ஹாய் பெங்களூரு அக்காங்க, அம்மாங்க எல்லாருக்கும். எனக்கு 33 வாரம் முடிஞ்சு 34 நடக்குது, தலைச்சன் பிள்ளை. கொஞ்ச நாளாவே உடம்பு சுத்தமா முடியல. நாங்க இருக்கறது மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒவ்வொரு திருப்பத்துலயும் கைப்பிடிய பிடிச்சிட்டு நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் ஏறறேன். ஆபீஸ் பெல்லந்தூர்ல, வாரத்துல மூணு நாள் போயே ஆகணும், கேப்ல உக்காந்து உக்காந்து சாயங்காலம் கால் ரெண்டும் வீங்கி செருப்பு வார் பதிஞ்ச தடம் அப்படியே தெரியுது. ராத்திரி படுத்தா நெஞ்செரிச்சல், அப்புறம் பாத்ரூம், திரும்ப வந்து படுத்தா பாப்பா உதைக்க ஆரம்பிக்கும், கூட்டிக் கழிச்சுப் பாத்தா நாலஞ்சு மணி நேரம் தூங்கினாலே பெரிசு.

அத்தை, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மா, திருவண்ணாமலைல இருந்து வந்திருக்காங்க. ரொம்ப நல்லவங்க, எனக்குப் பிடிச்சதா பாத்து பாத்து சமைக்கறாங்க, ஆனா பகல்ல படுத்தா மட்டும் ஆகாது. "படுத்தே கிடந்தா குழந்தை இறங்காது, குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சாத்தான் சுகப்பிரசவம்"னு சொல்லி தரை துடைக்கச் சொல்றாங்க. நானும் ரெண்டு ரூம் துடைச்சிட்டு அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துடறேன். டாக்டர்கிட்ட சொன்னா "கடைசி மாசத்துல அப்படித்தான்மா இருக்கும்"னு ஒரே வரில முடிச்சிட்டாங்க, வெளிய இன்னும் இருபது பேர் வெயிட்டிங்.

என் கேள்வி இதான். இப்பவே இவ்ளோ அசதின்னா வலி வந்த அப்புறம் மணிக்கணக்கா எப்படி தாங்கறது? அசதியால பிரசவம் இழுக்குமா, சிசேரியன்ல போய் முடியுமா? இல்ல இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையா?

ரெண்டுவாலு_அம்மா
செவ்வாய், காலை 6:35

ஐயோ கண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு போஸ்ட் போட்டிருக்கற, அதுலயே தெரியுது உன் நிலைமை. நான் லிங்கராஜபுரம், ரெண்டு பசங்க. பெரியவளுக்கு வலி ஆரம்பிச்சது ஒரு சனிக்கிழமை ராத்திரி, அதுக்கு முந்தின ராத்திரியும் சூட்டு வலியா நிஜ வலியான்னு தெரியாம உக்காந்தே விடிஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா கர்ப்பப்பை வாய் ரெண்டு சென்டிமீட்டர்தான் திறந்திருக்குன்னாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆகியும் அதே ரெண்டரை, மூணு. வலிக்கு நடுவுல கிடைக்கற அஞ்சு நிமிஷத்துல என்னையறியாம குறட்டை விட்டு தூங்கிட்டேன்னு எங்கம்மா இப்பவும் சொல்வாங்க. கடைசில முக்கச் சொல்றப்ப கைகால் எல்லாம் நடுங்குது, தொடை ரெண்டும் என் பேச்சையே கேக்கல. ட்ரிப் போட்டு, டாக்டர் குழந்தை தலைல வாக்கும்னு உறிஞ்சி இழுக்கற கருவி வச்சு எடுத்தாங்க, சுகப்பிரசவம்தான், குழந்தை நல்லா இருந்தா.

சின்னவனுக்கு நான் முன்னாடியே நல்லா தூங்கி எழுந்து போனேன், அது அவ்ளோ கஷ்டமா தெரியல. ரெண்டாவதுங்கறதால சீக்கிரம் ஆச்சா, தூக்கத்தால ஆச்சான்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாது. ஆனா தூக்கம் இல்லாம லேபர் ரூமுக்குள்ள போறது எவ்ளோ கொடுமைன்னு மட்டும் தெரியும். அத்தைகிட்ட நேரா பேசு, பகல்ல ஒரு மணி நேரம் கதவ சாத்திட்டு படு.

லேபர்வார்டு_அக்கா
செவ்வாய், மதியம் 3:20

டியூட்டி முடிச்சு வந்து எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. நான் வேலூர் பக்கம், இங்க பெங்களூர்ல லேபர் வார்டுலயே என் சர்வீஸ்ல பாதி போச்சு. நான் டாக்டர் இல்ல, ஆனா இந்தக் கேள்விய தினம் கேக்கறேன்.

முதல்ல பயத்தை எடுத்து வச்சிடலாம். கர்ப்பப்பை சுருங்கறது உங்க கைகால் பலத்தால நடக்கறது இல்லம்மா. அது தானா சுருங்கற தசை, நீங்க தூங்கினாலும் சுருங்கும். அதனால "எனக்குத் தெம்பு இல்ல, குழந்தை வெளிய வராது"ன்னு நினைக்கவே வேண்டாம். உங்க தெம்பு நேரடியா தேவைப்படறது கடைசி கட்டத்துல, கர்ப்பப்பை வாய் 10 சென்டிமீட்டர் முழுசா திறந்து நீங்க முக்கற நேரம். முதல் பிரசவத்துல அது பொதுவா மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், பலருக்கு அதுக்கும் ரொம்ப முன்னாடியே. அங்க அம்மா ஓஞ்சு போயிட்டா வாக்கும், இல்ல ஃபோர்செப்ஸ்ங்கற இடுக்கி வைக்க வேண்டி வரும், அதுதான் ரெண்டுவாலு அக்காவுக்கு நடந்தது.

அப்போ தூக்கத்துக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தம் இல்லையான்னா, இருக்கற மாதிரிதான் தெரியுது. 2004-ல சான் ஃபிரான்சிஸ்கோல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒன்பதாம் மாசத்துல இருந்த 131 முதல் பிரசவக்காரங்களோட தூக்கத்த அளந்து பாத்தாங்க. ராத்திரி ஆறு மணி நேரத்துக்குக் கீழ தூங்கினவங்களுக்கு வலி நேரம் நீண்டிருந்துச்சு, சிசேரியன் ஆகற வாய்ப்பு 4.5 மடங்கு அதிகமா இருந்துச்சு. படிச்ச உடனே பதறாதீங்க, 131 பேர்ங்கறது சின்ன கூட்டம், தூக்கம் கெட்டதாலதான் ஆபரேஷன் ஆச்சுன்னு அது நிரூபிக்கல, ரெண்டும் சேந்து வருதுன்னு காட்டுச்சு. அந்த ஆய்வு பண்ணவங்க சொன்ன விஷயம் எனக்குப் பிடிச்சது: டாக்டர்ங்க கர்ப்பிணிகிட்ட சாப்பாடு பத்தி கேக்கற மாதிரி தூக்கத்தைப் பத்தியும் கேக்கணும்.

இப்போ என் கேள்வி உங்களுக்கு. அசதின்னு ஒரே வார்த்தைல சொல்றோம், ஆனா உள்ள வேற வேற காரணம் இருக்கும். தூக்கம் இல்லாத அசதி ஒண்ணு, வேலை மிஞ்சிப் போன அசதி ஒண்ணு, ரத்தம் கம்மியான அசதி ஒண்ணு. மூணும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம். மாடிப்படில நின்னு மூச்சு வாங்கறீங்கன்னு எழுதினது எனக்கு உறுத்துது. கடைசியா ரத்தம் டெஸ்ட் பண்ணப்ப ஹெச்பி, அதான் ஹீமோகுளோபின், எவ்ளோ இருந்துச்சு? ஃபைல எடுத்துப் பாத்து சொல்லுங்க.

சிவாஜிநகர்_ஆச்சி
செவ்வாய், மாலை 5:05

பேத்தி டைப் பண்ணித் தர்றா, நான் சொல்றேன். எனக்கு நாலு பிள்ளைங்க. நாங்கெல்லாம் ஆட்டுக்கல்லுல மாவாட்டிட்டு இருக்கும்போதே இடுப்பு வலி வந்து போனவங்க. கைய கால அசைக்காம உக்காந்தா உடம்பு கட்டிக்கும், அதைத்தான் அந்த சம்பந்தி அம்மா சொல்றாங்க, அவங்கள ஒண்ணும் தப்பா நினைக்காதம்மா. இப்போ கட்டில்லயே கிடந்து போனைப் பாத்துட்டு இருந்தா இடுப்பு எப்படி விரியும்?

அல்சூர்க்காரி
செவ்வாய், மாலை 6:40

ஆச்சி, மரியாதையோடதான் கேக்கறேன். அந்தப் பொண்ணு கட்டில்ல கிடக்கல, பெல்லந்தூர் போயிட்டு வருது. காலைல கிளம்பி சாயங்காலம் டிராஃபிக்ல ஊர்ந்து வீடு வந்து அப்புறம் தரை துடைக்கறதுன்னா அது ரெண்டு ஆள் வேலை. உங்க காலத்துல மாவாட்டினீங்க, சரி, ஆனா ஏழாம் மாசம் வளையல் போட்டு தாய் வீட்டுக்கு கூட்டிட்டுப் போயிடுவாங்க இல்லையா? எங்க பாட்டி சொல்லிக் கேட்டிருக்கேன், தாய் வீட்டுல மத்தியானம் சாப்பிட்டதும் திண்ணைல பாய் விரிச்சுப் படுத்துக்குவாங்களாம், எழுப்ப ஆள் கிடையாதாம். அந்தப் பழக்கமே கடைசி மூணு மாசம் அவளுக்கு ஓய்வு கிடைக்கணும்னுதானே வச்சிருப்பாங்க. இப்போ வளைகாப்ப கல்யாண மண்டபத்துல போட்டோகிராபர் வச்சு பண்றோம், மறுநாள் திங்கக்கிழமை அவ லேப்டாப்ப தூக்கிட்டு ஆபீஸ் போறா. வேலை செய்யணும்ங்கறத மட்டும் பிடிச்சுக்கிட்டோம், ஓய்வை விட்டுட்டோம்.

சிவாஜிநகர்_ஆச்சி
செவ்வாய், இரவு 7:30

அது சரிதான்டி. எங்கம்மா வீடு ஆம்பூர். அங்க போயிட்டா ஒரு துரும்ப தூக்க விடமாட்டாங்க, தண்ணிக் குடம் கூட அண்ணிமாருங்கதான் எடுப்பாங்க. மாவாட்டினது மாமியார் வீட்டுல இருந்த வரைக்கும்தான். மாவாட்டறதும் உக்காந்த இடத்துல, பக்கத்துல நாலு பொம்பளைங்க பேசிக்கிட்டே. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு தனியா இழுத்துப் போட்டு செய்யறதுதான் பாரமா இருக்கு.

லேபர்வார்டு_அக்கா
செவ்வாய், இரவு 9:15

ஆச்சி சொன்னதுலயும் விஷயம் இருக்கு, அசைவு நல்லது. சிக்கல் இல்லாத கர்ப்பம்னா தினம் ஒரு அரை மணி நேரம் நடக்கறது, டாக்டர் ஓகே சொன்ன உடற்பயிற்சி, இதெல்லாம் உடம்புக்கும் தூக்கத்துக்கும் உதவும். ஆனா பயிற்சிக்கும் களைச்சு விழறதுக்கும் வித்தியாசம் இருக்கு. நடக்கும்போது பேச முடியணும், பேச மூச்சு வரலைன்னா நிறுத்திடணும், அவ்ளோதான் அளவு. ரொம்ப நேரம் நின்னுட்டே இருக்கறது, கனம் தூக்கறது, இதுக்கும் குறைமாசப் பிரசவத்துக்கும் தொடர்பு இருக்குன்னு ஆய்வுகள்லயே வந்திருக்கு. தரை துடைச்சாத்தான் குழந்தை இறங்கும்னு ஒண்ணும் கிடையாது. துடைக்காத எத்தனையோ பேருக்கு தலை அழகா இறங்கி வந்ததை நான் பாத்திருக்கேன், கடைசி நாள் வரைக்கும் துடைச்சவங்களுக்கு ஆபரேஷன் ஆனதையும் பாத்திருக்கேன். அத்தைக்கு ஆசை சுகப்பிரசவம்தான், அதனால சண்டை போடாம "சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்து வாக்கிங் போலாம் அத்தை"ன்னு கூப்பிடுங்க. அவங்களுக்கும் பெங்களூர் குளிர்ல நடந்தா நல்லது.

ஓஆர்ஆர்_அப்பா
செவ்வாய், இரவு 11:50

ஆம்பளை நான் இங்க எழுதலாமான்னு தெரியல, ஆனா கேட்டே ஆகணும். என் மனைவிக்கு 36 வாரம், மாரத்தஹள்ளில இருக்கோம், ரெண்டு பேரோட அப்பா அம்மாவும் மதுரை பக்கம், இன்னும் வரல. ராத்திரி அவ படுத்த உடனே கால் குறுகுறுன்னு பண்ணுதுன்னு உதறிட்டே இருக்கா, எழுந்து நடந்தா சரியாகுது, படுத்தா மறுபடி. அதோட இந்த ஒரு மாசமா குறட்டை, முன்னாடி குறட்டையே விட்டதில்ல. நடுவுல மூச்சு நின்ன மாதிரி இருந்துட்டு டக்குனு முழிச்சுக்கறா. காலைல தலைவலிங்கறா. இதெல்லாம் கர்ப்பத்துல சகஜமா? நான் என்ன பண்ணலாம்?

லேபர்வார்டு_அக்கா
புதன், காலை 7:10

தம்பி, தாராளமா எழுதுங்க, இப்படி கவனிச்சு சொல்ற புருஷன் இருந்தா எங்களுக்கு பாதி வேலை மிச்சம்.

கால் குறுகுறுக்கறது கடைசி மாசங்கள்ல நிறைய பேருக்கு வருது. அதுக்கும் உடம்புல இரும்புச்சத்து கம்மியா இருக்கறதுக்கும் தொடர்பு உண்டு. ஹெச்பி ஓரளவு சரியா இருந்தாலும் சேமிப்புல இருக்கற இரும்பு குறைஞ்சிருக்கலாம், அதுக்கு ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.

குறட்டை புதுசா வந்திருக்கு, மூச்சு நின்னு முழிக்கறாங்க, காலைல தலைவலி, இந்த மூணையும் சேத்து சொல்றீங்க, அதனால இத சகஜம்னு விடக்கூடாது. கர்ப்பத்துல புதுசா வர்ற குறட்டைக்கும் பிபி ஏறறதுக்கும் சம்பந்தம் இருக்கு. இன்னைக்கே பிபி பாருங்க, யூரின்ல புரதம் போகுதான்னும் பாக்கச் சொல்லுங்க. 28 வாரத்துக்கு மேல மல்லாந்து படுக்க வேண்டாம், பக்கவாட்டுல படுக்கணும், முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி, முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு முட்டு குடுங்க. தூக்கத்துல புரண்டு மல்லாந்துட்டா பயப்பட வேண்டாம், முழிப்பு வந்ததும் திரும்பிப் படுத்தா போதும்.

தலைச்சன்_முருகேஷ்பாளையா
புதன், காலை 10:25

அக்கா ஃபைல பாத்தேன். போன மாசம் எடுத்ததுல ஹெச்பி 8.9-னு போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி 10.2 இருந்துச்சு. இது ரொம்ப கம்மியா? டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, அதைப் போட்டா வயிறு கட்டிக்குது, மோஷன் கருப்பா போகுது, அதனால ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடறேன். காலைல டிபன் முடிச்சு ஃபில்டர் காபி குடிக்கும்போது இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை ரெண்டையும் சேத்து முழுங்கிடறேன், மறக்காம இருக்கணும்னு. கேப்ல உக்காந்து இதை டைப் பண்றேன், டின் ஃபேக்டரி தாண்டல இன்னும், இந்த ரூட்ல ஒரு கொலீக்க ஏத்திட்டுப் போவாங்க.

லேபர்வார்டு_அக்கா
புதன், பிற்பகல் 2:40

கிடைச்சிருச்சு பாருங்க, உங்க அசதில பெரிய பங்கு இதுதான்னு நினைக்கறேன். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ போனாலே ரத்தசோகைன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, 7-க்குக் கீழன்னா கடுமையானது. நீங்க நடுவுல இருக்கீங்க, அதுவும் இறங்கிட்டே வருது. ஹீமோகுளோபின்தான் உடம்பு முழுக்க ஆக்சிஜன் சுமந்துட்டுப் போற வண்டி, வண்டி குறைஞ்சா இதயம் வேகமா அடிச்சு ஈடு கட்டப் பாக்கும், அதான் படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது. நீங்க மட்டும் இல்ல, 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல இந்தியாவுல கர்ப்பிணிகள்ல 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. பாதிப் பேருக்கு மேல! நம்ம வீடுகள்ல "கர்ப்பத்துல அசதி சகஜம்"னு சொல்றதுக்கு காரணமே பாதிப் பேர் ரத்தம் இல்லாம நடமாடறதுதான்னு எனக்குத் தோணும்.

இது பிரசவத்துக்கு ஏன் முக்கியம்னா, சாதாரண பிரசவத்துலயே ரத்தம் போகும். அரை லிட்டர் வரைக்கும் போனா ஹெச்பி 11, 12 இருக்கறவங்க உடம்பு தாங்கிக்கும், ரெண்டு நாள்ல எழுந்து நடமாடுவாங்க. 8-ல உள்ள வர்றவங்களுக்கு அதே அளவு போனாலும் தலைசுத்தி மயக்கம் வரும், அதுக்கு மேல போச்சுன்னா ரத்தம் ஏத்த வேண்டி வரும். அப்புறம் குழந்தைய தூக்கிப் பால் குடுக்கக் கூட முடியாம அழற பொண்ணுங்கள நான் நிறைய பாத்திருக்கேன், அது சோம்பேறித்தனம் கிடையாதும்மா, ரத்தம் இல்லாததுதான்.

இரும்பு மாத்திரைய காபி, டீ, பால் எதோடயும் போடாதீங்க, உடம்புல சேராது. கால்சியத்தோடயும் சேக்காதீங்க, கால்சியம் காலைல சாப்பாட்டுக்கு அப்புறம்னா இரும்பு ராத்திரி. எலுமிச்சை ஜூஸ், இல்ல ஒரு நெல்லிக்காயோட போட்டா நல்லா சேரும். மோஷன் கருப்பா போறது பயப்பட வேண்டிய விஷயம் இல்ல, இரும்பு மாத்திரை போடற நிறைய பேருக்கு அப்படித்தான். வயிறு கட்டினா டாக்டர்கிட்ட சொல்லி வேற பிராண்ட் மாத்திக்கோங்க, நீங்களா நிறுத்தாதீங்க. ஆனா 34 வாரத்துல மாத்திரைய மட்டும் நம்பி ஏத்தறதுக்கு நேரம் பத்துமான்னு டாக்டர் முடிவு பண்ணணும், இந்த நேரத்துல நரம்பு வழியா ஏத்தற இரும்பு ஊசி இருக்கு, ஆஸ்பத்திரில வச்சு மெதுவா ட்ரிப்பா போடுவாங்க. அதை நேரா கேளுங்க: "டாக்டர், எனக்கு 8.9, இரும்பு ஊசி தேவையா?"ன்னு. அசதியா இருக்குன்னு சொன்னா ஒரு வரில முடிப்பாங்க, நம்பர சொல்லிக் கேட்டா நிமிந்து பாப்பாங்க.

அல்சூர்க்காரி
புதன், பிற்பகல் 3:30

சாப்பாட்டுல முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளு, கருப்பு உளுந்து, பேரீச்சை சேத்துக்கோ. கறி சாப்பிடறவங்களா இருந்தா அதுல வர்ற இரும்பு நல்லா உடம்புல ஒட்டும். ஈரல் மட்டும் கர்ப்பத்துல அளவுக்கு மீறி வேண்டாம், வைட்டமின் ஏ அதிகம். ஆனா சாப்பாட்டை மட்டும் வச்சு 8.9-ஐ ஆறு வாரத்துல ஏத்த முடியாது, மாதுளம்பழ ஜூஸ் குடிச்சா ஏறிடும்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டு மாத்திரைய விட்டுடாத.

கார்மென்ட்ஸ்_தங்கச்சி
புதன், இரவு 8:20

இதப் படிச்சதும் நானும் எழுதறேன். நான் பீன்யா பக்கம் தையல் யூனிட்ல இருந்தேன், ஏழாம் மாசம் வரைக்கும் மெஷின்ல குனிஞ்சே உக்காந்திருந்தேன், பாத்ரூமுக்கு எழுந்தாலே சூப்பர்வைசர் டார்கெட் எங்கன்னு கேப்பாரு. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்னு தண்ணியே குடிக்காம இருந்து யூரின் இன்ஃபெக்ஷன் வந்துருச்சு. எங்க லைன்ல இருந்த ஒரு அக்காதான் இஎஸ்ஐங்கற தொழிலாளர் காப்பீட்டுல நமக்கும் 26 வாரம் சம்பளத்தோட லீவு உண்டுன்னு சொன்னாங்க, அதுவரைக்கும் ஆபீஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சிட்டு இருந்தேன். பேறுகாலத்துக்கு முன்னாடி எட்டு வாரம் எடுத்தேன். அந்த எட்டு வாரமும் நல்லா தூங்கினேன்.

ஆபீஸ்லீவு_அனுபவம்
புதன், இரவு 9:45

லீவு விஷயத்துல நிறைய குழப்பம் இருக்கு, அதனால சொல்றேன். 2017-ல திருத்தினதுல இருந்து முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம், அதுல எட்டு வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடி எடுக்கலாம். 40 வாரக் கணக்குல 32-லயே ஆரம்பிக்கலாம், தலைச்சன் சிஸ் நீங்க அத ஏற்கனவே தாண்டிட்டீங்க. பிரசவ தேதிக்கு முந்தின பன்னெண்டு மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா போதும். அதுக்கு மேல கர்ப்பத்தால உடம்பு சரியில்லன்னு டாக்டர் சர்டிஃபிகேட் இருந்தா இன்னும் ஒரு மாசம் வரைக்கும் சம்பளத்தோட கேக்க சட்டத்துல இடம் இருக்கு, இது நிறைய ஹெச்ஆருக்கே தெரியாது. நின்னுட்டே செய்யற வேலை, கஷ்டமான வேலை குடுக்கக் கூடாதுன்னும் கேக்கலாம்.

ஆனா எல்லாரும் பண்றது என்னன்னா, வலி வர்ற நாள் வரைக்கும் வேலை பாத்துட்டு 26 வாரத்தையும் குழந்தை பொறந்த அப்புறம் எடுக்கறது. அது நியாயமான ஆசைதான், குழந்தைகூட ஒரு வாரம் கூட இருக்கலாமேன்னு. ஹெச்பி 12 இருந்து நல்லா தூங்கறவங்களுக்கு ஓகே. 8.9 வச்சிட்டு வாரத்துல மூணு நாள் கேப்ல போயிட்டு வர்றவங்களுக்கு நான் அப்படி சொல்ல மாட்டேன். முழு லீவு வேண்டாம்னா டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி இப்போதைக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் கேளுங்க.

மகப்பேறு_பயம்
வியாழன், அதிகாலை 1:15

எனக்கு ஒரு வருத்தம். 4.5 மடங்கு சிசேரியன்னு படிச்சதுல இருந்து எனக்கு இருந்த தூக்கமும் போச்சு. 31 வாரம். படுத்தா "இப்போ மணி பன்னெண்டு, ஆறு மணி நேரம் வேணும்னா உடனே தூங்கணும்"னு கணக்குப் போட்டுப் போட்டே விடியுது. இப்படி நம்பர் எல்லாம் கர்ப்பிணிங்ககிட்ட சொல்லணுமா? தூங்கறதும் தூங்காததும் நம்ம கைலயா இருக்கு?

லேபர்வார்டு_அக்கா
வியாழன், காலை 6:50

நியாயமான கேள்விம்மா. அந்த ஆய்வுல கம்மியா தூங்கின எல்லாருக்கும் ஆபரேஷன் ஆகல, பலபேர் சுகமா பெத்துக்கிட்டாங்க, அதையும் நான் அழுத்தி சொல்றேன். ராத்திரி முழிப்பு வந்தா மணி பாக்காதீங்க, போனை வேற ரூம்ல சார்ஜ் போடுங்க. தூக்கம் வரலைன்னா கண்ண மூடிப் படுத்திருந்தாலும் உடம்புக்கு ஓய்வுதான். ராத்திரி சாப்பாட்ட படுக்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே முடிச்சிட்டா நெஞ்செரிச்சல் குறையும், தலைப்பக்கத்த கொஞ்சம் உசத்திக்கோங்க. தண்ணிய பகல்ல நல்லா குடிச்சிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல குறைச்சுக்கோங்க. மதியத்துக்கு அப்புறம் காபி வேண்டாம். பகல் தூக்கம் அரை மணி ஒரு மணி நேரம் போட்டா தப்பே இல்ல. மனசு தொடர்ந்து பாரமா இருக்கு, அழுகை வருது, எதுலயும் பிடிப்பு இல்லைன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, கர்ப்பத்துலயே மன அழுத்தம் வரும், அதுக்கு மருத்துவம் இருக்கு.

ரெண்டுவாலு_அம்மா
வியாழன், காலை 11:00

அக்கா, வலி வந்த அப்புறம் தெம்ப எப்படி காப்பாத்தறதுன்னும் சொல்லுங்க. எனக்கு அன்னைக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்க, அதுலயே பாதி உயிர் போச்சு.

லேபர்வார்டு_அக்கா
வியாழன், பிற்பகல் 4:05

இது முக்கியம். ஆரம்ப வலி இருக்கே, அது முதல் பிரசவத்துல ஒரு நாள் கூட இழுக்கும். உலக சுகாதார அமைப்போட 2018 வழிகாட்டில நிஜமான பிரசவ வலிய 5 சென்டிமீட்டர்ல இருந்துதான் கணக்கு பண்றாங்க. அதுக்கு முன்னாடி இருக்கற நேரத்துல பொண்ணுங்க பண்றது என்னன்னா, முதல் வலி வந்ததும் பதறி சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு, ராத்திரி பூரா குறுக்கும் நெடுக்கும் நடந்து, லேபர் ரூமுக்கு வரும்போதே ஓஞ்சு வர்றது. ஆரம்ப வலில முடிஞ்ச வரைக்கும் படுங்க, வெதுவெதுப்பா குளிங்க, இட்லியோ தயிர்சாதமோ கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, இளநீர் குடிங்க. ஆபத்து இல்லாத பிரசவத்துல வலி நேரத்துல குடிக்கவும் லேசா சாப்பிடவும் விடணும்னுதான் அந்த வழிகாட்டியும் சொல்லுது. உங்க ஆஸ்பத்திரி என்ன சொல்றாங்கன்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, ஆபரேஷன் வாய்ப்பு இருந்தா அவங்க சொல்றதக் கேளுங்க.

முழுசா திறக்கறதுக்கு முன்னாடி முக்காதீங்க, அதுலதான் நிறைய பேர் தெம்ப வீணாக்கறாங்க, கூட வந்த அம்மாவே "முக்குடி முக்குடி"ன்னு சொல்லிட்டு இருப்பாங்க. கூட ஒரு ஆள் இருக்கணும், அது பெரிய பலம், தொடர்ந்து பக்கத்துல ஆள் இருந்தா சுகப்பிரசவ வாய்ப்பு கூடுது, வலி நேரமும் கொஞ்சம் குறையுது. அரசு ஆஸ்பத்திரிலயும் ஒரு பெண் துணைய உள்ள விடணும்னு திட்டத்துலயே இருக்கு, கேளுங்க. ரொம்ப ஓஞ்சு போனா எபிடியூரல், அதான் முதுகுல போடற வலி மரத்துப் போற ஊசி, போட்டு ரெண்டு மணி நேரம் தூங்கி எழுந்து தெம்பா முக்கினவங்களையும் பாத்திருக்கேன், அது ஒண்ணும் தோல்வி இல்லம்மா. சிசேரியன் ஆனாலும் அது தோல்வி இல்ல.

வீட்டுலயே காத்திருக்கலாம்னு சொன்னத தப்பா எடுத்துக்காதீங்க. பனிக்குடம் உடைஞ்சா, ரத்தம் போனா, குழந்தை அசைவு குறைஞ்சா, 37 வாரத்துக்கு முன்னாடி வலி வந்தா நேரத்தப் பாக்காம கிளம்பிடணும், வண்டி இல்லைன்னா 108. அசதியோட சேந்து விடாத தலைவலி, கண்ணு மங்கறது, முகம் கை வீங்கறது, மேல் வயிறு வலி வந்தா அது பிபி ஏறினதா இருக்கலாம். உள்ளங்கை உள்ளங்கால் ராத்திரில தாங்க முடியாம அரிச்சா அது கல்லீரல் சம்பந்தப்பட்டதா இருக்கலாம், அதுக்கு தனி ரத்த டெஸ்ட் உண்டு. படுத்தாலே மூச்சு முட்டுது, நெஞ்சு படபடப்பு அடங்கலைன்னா அதையும் காட்டணும். இதெல்லாம் நிறைமாச அசதிக் கணக்குல வராது.

தலைச்சன்_முருகேஷ்பாளையா
வெள்ளி, மாலை 6:15

நன்றி அக்காங்களா. இன்னைக்கு டாக்டர்கிட்ட நம்பர சொல்லிக் கேட்டேன். திரும்ப ரத்தம் எடுத்தாங்க, 8.6. திங்கக்கிழமை வந்து இரும்பு ஊசி போட்டுக்கச் சொல்லியிருக்காங்க, தைராய்டும் ஒரு தடவ பாத்துடலாம்னு எழுதினாங்க. வொர்க் ஃப்ரம் ஹோமுக்கு லெட்டர் குடுத்துட்டாங்க. அத்தைய உள்ள கூட்டிட்டுப் போனேன், டாக்டர் அவங்ககிட்டயே ரத்தம் கம்மின்னு சொன்னதும் ஆட்டோல வரும்போது என் கைய பிடிச்சிட்டே வந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் துடைக்கற மாப்ப அவங்களே எடுத்து வச்சிட்டாங்க, நான் அவங்களையும் துடைக்க விடல, என் வீட்டுக்காரர் துடைச்சாரு.

சிவாஜிநகர்_ஆச்சி
வெள்ளி, இரவு 8:00

நல்லா இரும்மா. ஊசி போட்டுட்டு வந்து சொல்லு.

ஓஆர்ஆர்_அப்பா
வெள்ளி, இரவு 10:30

எங்களுக்கு பிபி புதன்கிழமை 136/88. யூரின்ல புரதம் இல்லைன்னாங்க. ஃபெரிட்டின் கம்மி, மாத்திரை டோஸ் கூட்டியிருக்காங்க, குறட்டைக்கு வேற டாக்டர பாக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. வீட்டுலயே பிபி மெஷின் வாங்கி காலைல சாயங்காலம் எழுதி வைக்கச் சொன்னாங்க. இன்னைக்கு சாயங்காலம் 138/88. எங்க அம்மா நாளைக்கு பஸ் ஏறறாங்க. மெஷின்ல எவ்ளோ காட்டினா உடனே கிளம்பணும் அக்கா?

லேபர்வார்டு_அக்கா
வெள்ளி, இரவு 10:50

140/90 காட்டினா அவங்கள பக்கவாட்டுல சாச்சு உக்கார வச்சு பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க, அப்பவும் அப்படியே இருந்தா ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிட்டுக் கிளம்புங்க. 160/110 காட்டினாலோ, நம்பர் எவ்ளோ இருந்தாலும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிறு வலி வந்தாலோ யோசிக்கவே வேண்டாம், நேரா எமர்ஜென்சி. ஃபைல், ரத்த குரூப் ரிப்போர்ட், தாயி கார்டு (கர்நாடகால கர்ப்பிணிகளுக்குக் குடுக்கற அட்டை) மூணையும் இப்பவே ஒரு பைல போட்டு கதவுப் பக்கத்துல வச்சிடுங்க. அம்மா வர்ற பஸ் காலைல எத்தனை மணிக்கு வந்தாலும் மனைவிய தனியா விட்டுட்டு ஸ்டாண்டுக்குப் போகாதீங்க தம்பி, ஆட்டோ புக் பண்ணிக் குடுத்துடுங்க.